மகளின் பேச்சு நின்றுபோன காலம்

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளைக் காலையில் விட்டுச் சென்று, மாலையில் தூக்கிக்கொண்டு போகும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் பிள்ளை மடுவம் என்று பெயர். கடிதங்களில் அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அந்தப் பெயர் நுழைவதில்லை. மாத்தளைப் பக்கம், ரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் நான் அந்த மடுவத்தைப் பார்த்துவருகிறேன். பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அதனால் அவளும் அங்கேயே வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். பகல் முழுக்க அவளுக்கும் டீச்சர்தான். கதவைப் பூட்டிய பிறகுதான் அம்மா ஆவேன்.

அவளுக்குப் பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு வயதில் முழு வாக்கியமாகப் பேசினாள். நான் சொல்வதையெல்லாம் எனக்குப் பின்னால் நின்று திருப்பிச் சொல்லுவாள். "கை கழுவு! வரிசையில நில்லு! மூக்கத் துடை!" என்று தன்னைவிடப் பெரிய பிள்ளைகளை அதட்டுவாள். பிள்ளைகளும் பயந்து வரிசையில் நிற்பார்கள். மாலையில் வரும் தாய்மார் அவளைக் குட்டி டீச்சர் என்று கூப்பிடுவார்கள். "குட்டி டீச்சர், எங்க புள்ள இன்னைக்கு நல்லா இருந்தானா?" என்று கேட்பார்கள். அவள் யோசித்து, "கொஞ்சம் நல்லா," என்பாள்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. எது போனது என்று தெரிந்தால்தான், எது திரும்பி வந்தது என்பதும் தெரியும்.

அவளுக்கு மூன்று வயதான மழைக்காலத்தில் மடுவத்துப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வரத் தொடங்கின. முதலில் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பையன் ஒருவன் வாந்தி எடுத்தான். அடுத்தடுத்து இன்னும் சில பிள்ளைகள். வாந்தி எடுக்கும் பிள்ளையைத் தனியாக வைத்து, ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்து, தாய்க்கு ஆளனுப்பி வீட்டுக்கு அனுப்புவது எனக்குப் பழக்கமான வேலை. வருடத்தில் ஒரு தடவையாவது வரும், ஒரு கிழமை எல்லோரையும் படுத்திவிட்டுப் போகும். அந்தத் தடவையும் அப்படித்தான் போனது. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து ஓடியாடினார்கள். கடைசியாக என் மகளுக்கு வந்தது.

அவளுக்கு மற்றவர்களைவிடக் கடுமையாக வந்தது என்று சொல்ல முடியாது. முதல் நாள் வாந்தி. இரண்டாம் நாள் தண்ணீராகப் போனது. ஆனால் குடித்தாள், சிறுநீர் போனாள், காய்ச்சல்கூட இல்லை. மூன்றாம் நாள் காலையில் வயிறு அடங்கிவிட்டதுபோல இருந்தது. வாசலில் பலகைமேல் உட்கார வைத்து, ரஸ்க்கைத் தேத்தண்ணீரில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் சீனி போடு," என்று கேட்டாள். சீனிப் போத்தலை எடுக்க உள்ளே திரும்பினேன். பலகையில் ஏதோ மோதும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது அவள் கீழே சரிந்து கிடந்தாள். கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன. கைகால்கள் வெட்டி வெட்டி அடித்தன. பக்கத்து அறையில் இருந்த என் நாத்தனார் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவர் என் கணவரின் அக்கா. வந்த வேகத்தில் உள்ளே போய் ஒரு சாவிக்கொத்தை எடுத்துவந்தார்.

"கையில இரும்பக் குடு! இரும்பக் குடு!"

"வேணாம் அக்கா. வாயிலயும் ஒண்ணும் வைக்காதீங்க. தள்ளி நில்லுங்க, ஓட்டோவக் கூப்பிடுங்க," என்றேன்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுபோல அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்குக் கீழே என் துவாயை மடித்து வைத்தேன். வாயிலிருந்த ரஸ்க் துண்டு எச்சிலோடு தானாக வெளியே வழிந்தது. அவளைப் பிடித்து அமுக்கவில்லை. அமுக்க வேண்டும் என்று என் கைகள் துடித்தது எனக்குத்தான் தெரியும். வலிப்பு நின்றதும் அவள் ஆழ்ந்து மூச்சு விட்டுத் தூங்கிப் போனாள். ஓட்டோ மலை வளைவுகளில் இறங்கும்போது என் மடியிலேயே மறுபடியும் வலித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். "நிறுத்தாதீங்க அண்ணே, போங்க," என்றேன்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி சரியாக இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. உடம்பில் தண்ணீரும் அதிகம் குறையவில்லை. இளம் வைத்தியர் ஒருவர் எனக்கு விளங்கும் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். வயிற்றோட்டம் தரும் சில வைரஸ்கள் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வலிப்பையும் கொண்டுவருமாம். காய்ச்சல் இல்லாமலே வருமாம். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவைகூட வந்து, பிறகு வராமலே போய்விடுமாம். அநேகமான பிள்ளைகள் சுகமாகிவிடுவார்களாம்.

"ஆனாலும் வைத்துப் பார்ப்போம்," என்றார். "எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை."

வயிற்றில் வரும் நோய் மூளை வரைக்கும் போகும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. எத்தனையோ பிள்ளைகளின் வாந்தியைத் துடைத்திருக்கிறேன். தண்ணீர் வற்றிப்போகும், கண் குழி விழும் என்றெல்லாம் பயந்திருக்கிறேன். இந்தப் பயம் எனக்குத் தெரியாத பயமாக இருந்தது.

என் கணவருக்கு மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஒரு கடையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. செய்தி கேட்டு அப்படியே ஓடிவந்தார். சட்டையெல்லாம் மிளகுத் தூசி. மகளின் பக்கத்தில் வந்தால் தும்முவாள் என்று கட்டிலுக்குத் தள்ளியே நின்றார். அவள் தும்மவில்லை. மறுநாள் காலையில், கூப்பிட்டால்கூடக் கண் திறக்கவில்லை. வலிப்பு நின்றிருந்தது, ஆனால் அவள் எங்களிடமிருந்து எங்கோ கீழே இறங்கிக்கொண்டே போவதுபோல இருந்தது. வைத்தியர் அவளது கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், யாருக்கோ போன் எடுத்தார். மத்தியானத்துக்கு முன்பே அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

கண்டியில் முதுகிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் பண்ணினார்கள். அவளைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் என்னை உள்ளே விடுவார்கள். போய்க் காலைத் தடவிக்கொண்டு நிற்பேன். கையெல்லாம் ஊசிக் குழாய்கள். தொடக்கூடிய இடம் கால்தான்.

அங்கே பெரிய வைத்தியர் ஒரு பெண். குட்டையான உருவம், தலைமயிர் பாதி நரைத்திருந்தது. எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து பேசினார். தன் பின்தலையில், கழுத்துக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார்.

"இந்த இடத்தில் சிறுமூளை இருக்கிறது. நடக்கும்போது விழாமல் பிடிப்பது, கையை நேராகக் கொண்டுபோவது, பேசும்போது நாக்கையும் மூச்சையும் சேர்த்து ஓட்டுவது, இதெல்லாம் இதன் வேலை. பிள்ளைக்கு இந்த இடம் வீங்கியிருக்கிறது. மலத்தில் ரோட்டா என்ற வைரஸ் இருந்தது. மிகச் சில பிள்ளைகளுக்குத்தான் இப்படி ஆகிறது."

"எங்க புள்ளைக்கு ஏன் ஆனிச்சு?" என்று என் கணவர் தமிழிலேயே கேட்டுவிட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன்.

"அது எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ வந்ததல்ல," என்றார் அவர். வீக்கத்துக்கு மருந்து கொடுத்திருப்பதாகச் சொன்னார். கண் விழிக்க வேண்டும், அதுதான் முதலில் என்றார்.

விழித்தாள். நான் உள்ளே போன ஒரு நேரத்தில் கண்களைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் கண்கள் மெல்ல என் பக்கம் வந்தன. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உதடு கோணியது, கண்ணீர் வழிந்தது. ஆனால் அழுகையில் சத்தமே இல்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகும் சத்தம் வரவில்லை. பசித்தால் வாயைத் திறப்பாள். ஊசி போட வந்தால் முகத்தைத் திருப்புவாள். "அப்பா எங்க?" என்று கேட்டால் கதவைப் பார்ப்பாள். எல்லாம் விளங்கியது, ஒரு எழுத்துக்கூட வரவில்லை. உட்கார வைத்தால் துணி பொம்மைபோலச் சரிந்தாள். ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால், கை கிட்டப் போகப் போக நடுங்கித் தவறிவிடும்.

என் கைபேசியில் ஒரு வீடியோ இருந்தது. நோய் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மடுவத்து வாசலில் நின்று கோழிகளுக்குப் பாடம் நடத்துகிறாள். கை கழுவாத கோழிக்குச் சாப்பாடு கிடையாது என்கிறாள். அதைப் பெரிய வைத்தியரிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் முழுதாகப் பார்த்தார், மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

"பேச்சு திரும்ப வருமா டொக்டர்?"

"அநேகமாக வரும். எப்போது என்று சொல்ல மாட்டேன். இதே மாதிரி இருக்குமா என்றும் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பொய் சொல்லக் கூடாது."

"அப்படின்னா நான் என்ன செய்யணும்?"

"பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்."

வெளியே விறாந்தையில் என் கணவர் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த டொக்டர் அம்மா என் கையில் ஒரு வேலையைக் கொடுத்திருந்தார். வேலை என்று ஒன்று இருந்தால் எனக்கு அதைச் செய்யத் தெரியும். பேசாத பிள்ளைகளைப் பேச வைப்பதுதானே என் தொழில். பேசத் தெரியாமல் வந்து, தோளில் ஒட்டிக்கொண்டு அழுது, கடைசியில் வாயாடிகளாகப் போன எத்தனையோ பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளையை மறுபடியும் முதலிலிருந்து வளர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான் என்பது எவ்வளவு என்று அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் லயமே திரண்டு வந்து பார்த்தது. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. முட்டை, பால்மா, ஹோர்லிக்ஸ் போத்தல் என்று கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் பிள்ளையின் முகத்துக்கு நேரே, அவளுக்குக் காது கேட்காது என்பதுபோலப் பேசினார்கள். "ஐயோ, எப்படிப் பேசின புள்ள, ஊமையாப் போச்சே," என்றார் ஒரு பெண். மகளின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா, அவளுக்கு எல்லாம் கேக்குது. ஊமைன்னு சொல்லாதீங்க. பேச்சு இப்ப வரல, அவ்வளவுதான். அவகிட்ட பேசுறதுன்னா இருங்க, இல்லன்னா வெளியில போயி பேசுவோம்," என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சில நாளில் திரும்பி வந்து, பிள்ளையிடமே நேராக, "மாமி வந்திருக்கேன், பாரு," என்றார்.

நாத்தனாரோடுதான் கஷ்டமாக இருந்தது. அவர் என் மகளை என்னைப் போலவே நேசித்தவர். ஒரு மாலை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"இது டொக்டர் வேல இல்ல. மேல ஏதோ ஏறியிருக்கு. வாய்ப்பூட்டு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்ச மந்திரிக்கிற ஒருத்தர் கீழ் டிவிசன்ல இருக்காரு. மருந்த ஒரு மாசத்துக்கு நிறுத்தணுமாம்."

நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனால் பயம் வந்தால் மனிதர் எல்லா வாசலையும் தட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

"நூல் கட்டணும்னா கட்டுங்க அக்கா. செபமாலை சொல்லணும்னா நானும் சேர்ந்து சொல்றேன். மருந்த மட்டும் நிறுத்த மாட்டேன். கிளினிக்க விட மாட்டேன். அதுல கை வைக்காதீங்க."

"நீ படிச்சவ. எங்க பேச்சக் கேப்பியா?"

"படிச்சதுக்காகச் சொல்லல. வீங்கின படத்த என் கண்ணால பார்த்தேன். வாங்க, அடுத்த கிளினிக்குக்கு நீங்களே வாங்க. டொக்டர்கிட்ட கேளுங்க."

வந்தார். பஸ்ஸில் மாத்தளைக்குப் போய், அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். மகளை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டோம். பெரிய வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவருக்கும் காட்டினார். நாத்தனார் அந்த வெள்ளைப் பகுதியையே வெகுநேரம் பார்த்தார். திரும்பி வரும் வழியில், "அது வடிஞ்சிரும் இல்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவரே முதல் ஆளாகப் புறப்பட்டு நின்றார். நூலையும் கட்டினார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு சிங்களப் பெண், சின்ன வயது. முதல் நாளே தடுமாறினார். "எனக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது. நான் எப்படி இவளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுப்பது?" என்று என்னிடம் வெளிப்படையாகக் கேட்டார். தமிழ் தெரிந்த ஒருவர் வேறு இடத்தில் இருந்தார், ஆனால் அங்கே இடம் கிடைக்க மாதங்கள் ஆகும். மாதங்களை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

"மிஸ், நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்குறேன்."

அப்படித்தான் நடந்தது. முதலில் பேச்சே இல்லை. கன்னத்தை உப்பி ஊதுவது, உறிஞ்சுகுழாயில் தண்ணீர் உறிஞ்சுவது, நாக்கால் உதட்டிலிருந்த ஜாமை நக்குவது. மிஸ் செய்து காட்டுவார், நான் செய்வேன், மகள் எங்கள் இருவரையும் பார்ப்பாள். பிறகு உதடு சேரும் எழுத்துகள். மா, பா. தமிழில் அப்படித் தொடங்கும் சொற்களை என்னிடம் கேட்டு, பட அட்டைகளின் பின்னால் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். பால், மாடு, பந்து, மாமா. "பந்து" அவர் வாயில் "பந்த்துவ" என்று வந்தது. மகள் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பின் நிழல் விழுந்தது. மிஸ் அதைப் பார்த்துவிட்டார். அதன்பிறகு வேண்டுமென்றே தப்பாகச் சொல்லத் தொடங்கினார்.

வீட்டில் என் கணவர் உடம்பைப் பார்த்துக்கொண்டார். ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசனுக்குள் பழைய சீலைகளைத் திணித்து, நடுவில் அவளை உட்கார வைத்தார். எந்தப் பக்கம் சரிந்தாலும் சீலை பிடிக்கும். கழுத்து நிற்கத் தொடங்கியதும் ஒவ்வொரு சீலையாக எடுத்தார். பிறகு பலகையும் சில்லும் வைத்து ஒரு தள்ளுவண்டி செய்தார். அது இலேசாக இருந்ததால் அவளது நடுங்கும் கைக்கு முன்னால் ஓடியது. செங்கல் ஒன்றை வைத்துக் கட்டினார். இன்னும் ஓடியது. இன்னொன்று வைத்தார். அப்போதுதான் அவள் வேகத்துக்கு அது பணிந்தது. விழுந்தாள், நிறைய விழுந்தாள். நாத்தனார் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவார். நாங்கள் தூக்கிவிட அவசரப்படவில்லை. கை நீட்டி நிற்போம். அவள்தான் பிடித்து எழ வேண்டும்.

நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார், "இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுங்க டீச்சர். இல்லன்னா புள்ளைய வீட்டுல விட்டுட்டு வாங்க." காரணம் எனக்குத் தெரியும். தாய்மார் சிலர் மடுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் மலைக்கே முதுகில் கட்டிக்கொண்டு போனார்கள். வலிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு.

கொழுந்தை எடைபோட்டு முடிந்து பெண்கள் கூடிநின்ற இடத்துக்கு நானே போனேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

"கேக்க வேண்டியத என்கிட்டயே கேளுங்க," என்றேன்.

மேல் லயத்தில் இருக்கும், எனக்கு இளையவளான ஒருத்தி, "கோவிக்காதீங்க டீச்சர். அந்த வலிப்பு மத்த புள்ளைங்களுக்கும் வருமா?" என்று கேட்டாள்.

"வலிப்பு ஒட்டாது. வயித்தோட்டந்தான் ஒட்டும். அது ஒங்க எல்லார் புள்ளைங்களுக்கும் ஏற்கெனவே வந்து போயிருச்சு. என் புள்ளைக்கு மட்டும் தலைக்குப் போச்சு. அது யாரு கையிலயும் இல்ல. ஆனா வயித்தோட்டம் வராமப் பார்க்குறது கொஞ்சம் நம்ம கையில இருக்கு."

அன்றைக்குப் பேசியது எனக்கே பலமாக இருந்தது. பிள்ளைகளின் துணி அலசுவதற்கும் கை கழுவுவதற்கும் மடுவத்தில் ஒரே குழாய்தான் இருந்தது. இரண்டாவது குழாய் வேண்டும் என்று முன்பும் கேட்டிருக்கிறேன்; பார்ப்போம் என்று பதில் வரும். இந்தத் தடவை தாய்மாரும் என்னோடு ஆபீசுக்கு வந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். குழாய் அந்த மாதமே வந்தது. சவர்க்காரம் கொண்டுவரும் பொறுப்பைத் தாய்மாரே முறைபோட்டு எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் என் மகளோடு வந்தேன்.

பெரியவர்களுக்கு எடுத்த காலம் பிள்ளைகளுக்கு எடுக்கவில்லை. முதல் நாள் சுற்றி நின்று பார்த்தார்கள். "குட்டி டீச்சருக்கு வாய் வலியா?" என்று ஒருவன் கேட்டான். "ஆமா," என்றேன். அதோடு சரி. அவளது பேசனுக்குப் பக்கத்திலேயே விளையாட உட்கார்ந்துகொண்டார்கள். அவளுடைய கண்ணும் கையும் போகும் திசையைப் பார்த்து, "டீச்சர், அவ தண்ணி கேக்குறா," என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். சில நேரம் என்னைவிடச் சரியாகச் சொன்னார்கள். அதுவே எனக்கு ஒரு பயமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டால் இவள் எப்போது வாய் திறப்பாள்?

திறந்தாள். ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும். பூசணிக்காய் அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே ஊட்டினேன். கரண்டி கிட்ட வந்ததும் தலையைத் திருப்பினாள். விடாமல் அந்தப் பக்கம் கொண்டுபோனேன். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். கரண்டியும் வந்தது. அப்போது அவளது மார்பு ஏறி இறங்கியது. உதடு சேர்ந்து பிரிந்தது. தொண்டைக்குள்ளிருந்து, யாரோ பாரமான கதவை இழுத்துத் திறப்பதுபோல, "வே... ணாம்," என்று வந்தது.

கரண்டி என் கையிலேயே நின்றது. உண்மையாகவே கேட்டேனா, என் மனம் சொன்னதா என்று தெரியவில்லை. சரி பார்க்க ஒரே வழிதான் இருந்தது. மறுபடியும் பூசணிக்காயை எடுத்து நீட்டினேன்.

"வே... ணாம்!"

கோபத்தில் குரல் இன்னும் உயர்ந்தது. பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் "வேணாம்!" என்று கத்தினான். பிறகு எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு, "வேணாம், வேணாம்," என்று கத்தத் தொடங்கினார்கள். அன்றைக்கு மடுவத்தில் ஒரு பிள்ளையும் பூசணிக்காய் சாப்பிடவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கணவருக்குப் போன் எடுத்தேன். மூட்டை இறக்கும் சத்தத்துக்கு நடுவில், "என்னாது? என்னாது?" என்று கேட்டார். போனை அவளுடைய வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் கரண்டியை நீட்டினேன்.

கதையில் என்றால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாம் கொட்டியிருக்கும். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. அடுத்த சொல்லுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். "அம்மா" வருவதற்கு முன்பு "பந்து" வந்தது, அதுவும் மிஸ் சொல்லும் விதத்தில். சொற்கள் சேர்ந்து வாக்கியமாவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்த பேச்சும் பழைய பேச்சு இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்துவைப்பதுபோலப் பேசினாள். இடையில் மூச்சு எடுப்பாள். சில எழுத்துகள் தேவைக்கு மேல் சத்தமாக வரும். வீடியோவில் கோழிகளை அதட்டிய அந்தக் குரலை நான் சில நாள் தனியாகக் கேட்டிருக்கிறேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். எனக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவளைக் கேட்கவே நேரம் தேவையாக இருந்தது. அவள் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு நிற்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அதைப் பழகிக்கொண்டோம். எப்போதும் குறுக்கே பேசும் என் நாத்தனாரும் பழகிக்கொண்டார்.

ஐந்து வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனேன். அதிபர் நல்லவர். பிள்ளையைப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் பொறுத்துச் சேர்ப்போமே டீச்சர். மத்தப் பிள்ளைகள் கேலி செய்வாங்க. எழுதுறதுக்கும் கை நடுங்குது," என்றார்.

"பொறுத்தா நடுக்கம் போயிரும்னு சொல்ல முடியாது சேர். ஆனா அவ வயசுப் புள்ளைங்க அவளவிட்டு முன்னால போயிருவாங்க. தடிச்ச பென்சில் குடுத்தா எழுதுறா. நேரம் குடுத்தா பேசுறா."

அவர் மகளிடம் திரும்பி, பெயரையும் ஊரையும் கேட்டார். அவள் தொடங்கினாள். முதல் எழுத்து வந்தது, மூச்சு எடுத்தாள், இரண்டாவது வந்தது. அதிபர் பாவப்பட்டு, மீதிப் பெயரைத் தானே சொல்லி முடிக்கப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க சேர். அவளே சொல்லுவா," என்றேன்.

பொறுத்தார். அவள் பெயரைச் சொன்னாள், அப்பாவின் பெயரைச் சொன்னாள், தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் லயத்தின் இலக்கத்தையும் சொன்னாள். யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: "எனக்கு... எல்லாப்... பாட்டும்... தெரியும்." அதிபர் சிரித்துவிட்டார். அந்தத் தையிலேயே சேர்த்துக்கொண்டார்.

கேலி செய்தார்கள்தான். அவள் நடப்பதுபோல நடந்து காட்டினான் ஒருவன். வகுப்பு டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டார். மகளும் அவள் வழியில் பார்த்துக்கொண்டாள். வேகமாகத் திட்ட முடியாதவள் மெதுவாகத் திட்டுவாள், அது முடியும்வரை அவன் நின்று கேட்க வேண்டியிருக்கும். இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். சத்தமாக வாசிக்கும்போது வகுப்பு காத்திருக்கிறது. ஓடினால் விழுகிறாள், முழங்காலில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். கடைசியாக எடுத்த ஸ்கேன் படத்தில், வீக்கம் வடிந்த சிறுமூளை இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று பெரிய வைத்தியர் சொன்னார். இதற்கு மேல் எவ்வளவு வரும் என்று கேட்டேன். "முன்பும் என்னிடம் கேட்டீர்கள், அப்போதும் தெரியாது என்றேன்," என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

சென்ற மாதம் மடுவத்தில் மறுபடியும் வாந்தி, வயிற்றோட்டம். முன்பைவிடக் குறைவாகத்தான் பரவியது. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தோ எங்கிருந்தோ மகளுக்கும் வந்துவிட்டது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளது கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். ஜீவனி கொடுத்தேன், வாளியைப் பிடித்தேன், நெற்றியைத் துடைத்தேன். மீதி நேரமெல்லாம் அவளது கண்களையும் கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் எங்காவது இழுக்கிறதா, விரல் துடிக்கிறதா என்று. நாத்தனார் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழவில்லை.

வாந்தி நின்று, வெளிறிப்போன முகத்தோடு தலையணையில் சாய்ந்திருந்தவள் என்னைப் பார்த்தாள். மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"அம்மா... சும்மா... என்னையே... பாத்துக்கிட்டு... இருக்காத. எனக்கு... ஒண்ணும்... இல்ல. போ... போயி... சாப்பிடு."

எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.